நான்காம் எண் பில்

ரோஸ் ஹில், ராயல் ரோட்டுக் கண்ணாடிக் கடையில்
பதினோரு மாதம் பில் போடும் வேலை எனக்கு.
போட்டது மூன்று.

முதலாளி சாமிநாதேன் கூப்பூசாமி.
(குப்புசாமிதான்.
கப்பல் குமாஸ்தா எழுதியது எழுதியதுதான்.)
டயர் விற்றுச் சேர்த்த பணம் பாதி,
வங்கிக் கடன் மேல்பாதி.
எண்பத்தாறு ஜூனில் துறைமுகத்தில் இறங்கின
நாற்பது வண்டிகள், மரப்பெட்டிகளில்.
மூன்று சக்கரம், ஒரு இருக்கை, ஒரு பாட்டரி.
லிபெலூல் என்று பெயர். தும்பியாம்.
தெருப்பிள்ளைகள் பார்த்த மாத்திரத்தில்
'சவாத்' என்றார்கள். செருப்பு.
அதற்குமேல் அந்தப் பெயர் மாறவில்லை.

விளம்பரத் தாளில் ஒரு வெள்ளைக்காரன்
பலகைபோல் தட்டையான நாட்டில்
குடையில்லாமல் சிரித்துக்கொண்டு போனான்.
முப்பது கிலோமீட்டர் ஓடும் என்றது தாள்.
கியூர்பீப் வானத்தை அது விசாரித்திருக்கவில்லை.

முதல் பில்: கத்ர் போர்ன் பல் டாக்டர் வேலாய்தேன்.
சிவப்பு. ரொக்கம்.
ஒன்பதாம் நாள் போர்ட் லூயியிலிருந்து திரும்புகையில்
கொரோமாண்டல் ஏற்றத்தில்
(சோழமண்டலம்தான்,
கடல் தாண்டி வந்து ஒரு மேடாகிவிட்ட பெயர்)
பாட்டரி மூச்சை விட்டது.
மிதித்தாராம். பெடலும் உண்டு அதில்.
பின்னால் கரும்பு லாரி.
ஓட்டுநருக்கு வண்டி தெரியவில்லை,
யாரோ சாலையில் தவறவிட்ட தொப்பி
என்று நினைத்தானாம்.
தோளில் கரும்புத் தோகையோடு கடைக்கு வந்த டாக்டர்
சாவியை மேசைமேல் வைத்தார்,
பிடுங்கிய பல்லை வைப்பதுபோல.
பணம் திருப்பிக் கேட்கவில்லை.
அதுதான் முதலாளியைச் சுட்டது.

இரண்டாவது, கான்வென்ட் கன்னியாஸ்திரீகள்.
தோட்டத்துக்குள்ளேயே ஓட்டிக்கொண்டார்கள்.
குறை சொல்லவில்லை. அங்கே யாருக்கும் அவசரமில்லை.

மூன்றாவது, சாமிநாதேன் கூப்பூசாமி பெயருக்கு.
'எழுது' என்றார். தள்ளுபடி போடவா என்றேன்.
முறைத்தார்.

வருவார்கள், உட்கார்ந்து பார்ப்பார்கள்.
'பெண்சாதியை எங்கே வைப்பது?' என்பார்கள்,
'பிள்ளையை? ரொட்டியை? கேஸ் சிலிண்டரை?'
மொபெட்டில் நால்வர் போகும் தீவில்
தனியாளாய்ப் போய் யார் வீட்டில் இறங்குவது?
'பெட்ரோல் செலவே இல்லை' என்பார் அவர்.
அவர்கள் கேட்டது அதையல்ல.

பிப்ரவரியில் புயல்.
காற்று ஓய்ந்த இரவு ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை.
நான் எதிர்ப்புற மாடியில் நின்றிருந்தேன்.
கடைக்குள் அவர் ஒண்டியாக
ஒவ்வொரு வண்டியின் மூக்கையும்
தெருப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.
யாராவது ஓட்டிப் பார்க்கக் கேட்டால் வேண்டுமே என்று
வாராவாரம் சார்ஜ் ஏற்றியே வைத்திருந்தவை.
கன்னியாஸ்திரீகளுடையது நீங்கலாக
முப்பத்தொன்பது ஒற்றைக்கண்களும் திறந்தன.
முறிந்த கிளையும் பிய்ந்த தகரமுமாய்
ராயல் ரோடு வெளிச்சத்தில் நின்றது.
போர்வையோடு வந்தார்கள், கைக்குழந்தையோடு,
எட்டு மாதமாய் வராத அத்தனை பேரும்.
கண்ணாடியில் கைவைத்துப் பார்த்தார்கள்.
சவாத் என்று ஒருவரும் சொல்லவில்லை.

காலையில் கடை திறக்குமுன் வரிசை.
அவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.
நான் பில் புத்தகத்தில்
புதுக் கார்பன் தாள் வைத்தேன்.
முன்னால் நின்றவர் கேட்டார்:
'பாட்டரி மட்டும் தனியாகக் கிடைக்குமா?'

மே மாதம் வங்கிக்காரர்கள் வந்தார்கள்.
பாட்டரிகள் ஒரே வாரத்தில் போயின.
கூடுகளை மீன்காரர்கள் கேட்டார்கள், ஐஸ் போட்டு வைக்க.
ஒன்றைப் பிற்பாடு ஃப்ளாக்கில் பார்த்தேன், உள்ளே வாத்துகள்.
கூப்பூசாமி டயருக்கே திரும்பினார்.
தன் வண்டியை மட்டும் தரவில்லை.
பில் இருக்கிறதல்லவா.

புத்தகம் என்னோடு வந்துவிட்டது.
நான்காம் எண்ணில் பால் கணக்கு எழுதினேன்,
ஐந்தில் சீட்டுப் பணம்,
ஆறில் யாருக்கோ எழுதத் தொடங்கிய கடிதம்.
கார்பன் தாளை எடுக்க மறந்துபோனதால்
எல்லாவற்றுக்கும்
ஒரு நீல நகல் இருக்கிறது.