வகுப்பு மாற்றச் சீட்டு

மஞ்சக்குப்பத்தில், ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிர் வரிசையில்
ஜெராக்ஸ் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவே
என் இ-சேவை மையம்.
வகுப்புச் சான்று விண்ணப்பம் அறுபது ரூபாய்.
கைரேகை விழாதவர்கள்
தலைமுடி எண்ணெயில் விரலைத் தேய்த்து
மறுபடி வைக்க வேண்டும்.

இரவு பத்தரைக்கு ஷட்டரை இறக்கி உள்ளேயே இருந்துகொள்வேன்.
கணக்கு முடிக்கிறேன் என்பது வீட்டுக்குச் சொன்ன காரணம்.

அந்த உலகத்திலும் நுழையும்போதே கேட்கிறார்கள்:
வகுப்பு?
வில்லாளி, மந்திரக்காரி, கள்வன், வைத்தியன், கேடயக்காரன்.
அப்பன் பெயர் கேட்பதில்லை. இணைப்பு ஆவணம் இல்லை.
நான் கேடயத்தைத் தொட்டேன்.
முன்னால் நின்று அடி வாங்குகிற வேலை.
ஊரில் ஒருநாளும் நான் செய்யாத வேலை.

பிடிக்காவிட்டால் கடையில் சீட்டு இருக்கிறது:
வகுப்பு மாற்றச் சீட்டு, ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது,
இன்று நள்ளிரவு வரை தள்ளுபடி.
தினமும் இன்று நள்ளிரவு வரைதான்.
பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரும் எனக்கு,
பகலெல்லாம் அந்த ஒரு கட்டத்தை நிரப்புகிறவனுக்கு.

எங்கள் குழுவின் வைத்தியன் பெயர் உப்பனாற்றுக் கொக்கு.
எட்டு மாதப் பழக்கம், முகம் தெரியாது.
நான் செத்து விழும்போதெல்லாம்
பச்சை வெளிச்சத்தோடு ஓடிவந்து நெஞ்சில் கை வைப்பான்.
நானூறு தடவை இருக்கும்.
"எந்திரிங்கண்ணே, அதுக்கு இன்னும் பாதி உசுரு இருக்கு."

போன மாதம் ஒரு மனஸ்தாபம்.
மூன்று வாரம் மோதிச் சாய்த்த எருமைத்தலை அரக்கன்
ஒரே ஒரு கருங்கொம்பை உதிர்த்தான்.
குலுக்கலில் கொக்குக்கு விழுந்தது.
மறுநாளே திருப்பூர்க்காரன் ஒருத்தனுக்கு
ஏழாயிரத்து இருநூறுக்கு விற்றுவிட்டான்.
குழுவின் மானத்தை விற்றாய் என்று நீளமாக எழுதினேன்.
பதிலுக்கு ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குப் படம் அனுப்பினான்.

நேற்று மத்தியானம் ஒரு பையன் வந்தான்,
கல்லூரிக்கு அவசரம் என்று.
பழைய சான்றில் புயல் தண்ணீர் பட்டு எழுத்து ஊறியிருந்தது.
எழில்வளவன், த/பெ தனகோடி.
முகவரியைத் தட்டும்போது விரல் நின்றது.
என் ஊர். ஆனால் பார்த்த முகமில்லை.
தேர் திரும்பிவிடுகிற முனை இருக்கிறதல்லவா,
அதற்கு அப்பால் தொடங்குகிற தெரு.

ஓடிபி சொல்லுங்க என்றேன்.
போனை என் பக்கம் திருப்பினான்.
ஆறு எண்கள். மேலே இன்னொரு அறிவிப்பு:
உப்பனாற்றுக் கொக்கே, உன் குழு பதினொரு மணிக்குக் கூடுகிறது.

அந்த அழைப்பை அனுப்பியவன் நான்.

கோப்பில் விடுதிக் கட்டண ரசீது இருந்தது.
ஏழாயிரத்து இருநூறு.

நூறு ரூபாய் நீட்டினான்.
மீதி நாற்பதை மேசைமேல் வைத்தேன்.
எல்லோருக்கும் மேசைமேல்தான் வைப்பேன்
என்று நேற்று முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரவு, குகை.
மூன்றாவது நிமிடத்தில் விழுந்தேன்.
கொக்கு ஓடிவந்தான்.
திரையில் கேள்வி. வழக்கமானதுதான், இதுவரை படித்ததில்லை:
உன்னை எழுப்ப இவருக்கு அனுமதி உண்டா?
ஆம். இல்லை. பத்து நொடி.

'தம்பி, நான் தேர்முட்டி வீட்டு' என்று தட்டினேன்.
அழித்தேன்.
'அந்தக் கொம்பு விஷயத்தில்' என்று தட்டினேன்.
நொடி தீர்ந்துவிட்டது.
முன்னால் நிற்க ஆளில்லாமல்
அரக்கன் அவன் பக்கம் திரும்பினான்.
மொத்தக் குழுவும் சாம்பல்.

"என்னண்ணே, ஆம் அமுக்க இவ்ளோ யோசனை?"
கரண்ட்டு போயிடுச்சு என்றேன்.
மின்விசிறி தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது.

"என் அங்கி கந்தலாயிடுச்சு, தைக்க எண்ணூறு பொன்.
நீங்கதான் தரணும்."
அனுப்பினேன்.
ரசீது கேட்டான்.