எட்டுப் போடுதல்

இஸ்ஸதீன் கடைக் கண்ணாடிக்குப் பின்னால்
பதினொரு சுழல் தகட்டு இரைகள் தொங்கின.
சட்டைக் கொழுவியை யாரோ கோபத்தில் வளைத்தது போல் கம்பி.
மேல் கையில் தகடு, கீழ்க் கையில் ஈயத் தலை,
தலைக்குப் பின்னால் றப்பர்க் குஞ்சம்,
குஞ்சத்துக்குள் ஒற்றை முள்.
"இது எந்த மீன் மாதிரியும் இல்லையே" என்றாள் பிரமிளா.
"அது மீனுக்குத் தெரியாது" என்றான் இஸ்ஸதீன்,
விலையைச் சொல்வதற்குச் சற்று முன்.

மார்கழி வெள்ளம் மகாவலியோடு இறங்கி
கொட்டியாரக் குடாவைப் பிளேன் ரீ நிறமாக்கியிருந்தது.
அந்தத் தண்ணிக்கு வட்டத் தகடு.
கண்ணுக்கல்ல,
கொடுவாவின் விலாவில் ஓடுகிற கோட்டுக்கு.
பூட்டிய வீட்டின் கதவைத் தட்டுவது போல
விடாமல் தட்டும்;
தடிப் பிடிக்குள் என் உள்ளங்கையும் அதைக் கேட்கும்.
குஞ்சம் கறுப்பு.
கலங்கலில் வெள்ளை கரைந்துவிடும்,
கறுப்பு ஒரு நிழலாகவாவது நிற்கும்.

தை பிறந்து தண்ணி தெளிந்ததும்
வேப்பிலை மாதிரி நீண்ட தகட்டுக்கு மாறினேன்.
இது தட்டாது, மினுங்கும்.
சூடைக் கூட்டம் ஒருசேரத் திரும்பும்போது
ஒரு கணம் வெள்ளியாகுமே,
அவ்வளவுதான்.

மா ஆலையில் இரவு வேலை முடிய ஆறு மணி.
தலைமயிரில் மா, இமையில் மா,
கிண்ணியாப் பாலத்துக்கு அப்பால் கண்டல் ஓரம்
அப்படியே போய் நிற்பேன்.
வேர்களுக்கு நடுவே எறிவேன்.
மற்ற இரைகளை வேர் பிடித்து வைத்துக்கொள்ளும்;
இது கம்பியை முன்னே நீட்டி
கூட்டத்தில் முழங்கையால் இடித்துப் போகிறவன் போல வந்துவிடும்.
மெதுவாய்ச் சுற்று. இன்னும் மெதுவாய்.
தகடு சுழல மறக்கிற வேகத்துக்கு
ஒரு மயிரிழை மேலே.

எத்தனை எறிந்தேன் என்று பிரமிளா
மக்கள் வங்கிக் கலண்டரில் எழுதிவைத்தாள்.
தை முடிய மூவாயிரத்து அறுநூற்று இருபது.
மீன் என்ற நிரலில் ஒரு கோடு.

மாசியில் ஒன்று பின்னால் வந்தது.
ஒரு முழம் தள்ளி, அதே வேகத்தில்,
லீசிங் கொம்பனிக்காரன் போல அவசரமில்லாமல்.
என் செருப்பைப் பார்த்தது.
நான் இரையைத் தூக்கினேன்.
அது போய்விட்டது.

"தூக்காதே" என்றாள் அவள் இரவு, சோற்றைப் போட்டபடி.
"தடி நுனியைத் தண்ணிக்குள் விட்டு
எட்டு எழுது. இஸ்ஸதீனிடம் கேட்டேன்."

எட்டா?
மோட்டார் சைக்கிள் லைசன்ஸுக்கு
இரண்டு தரம் எட்டுப் போட்டு
இரண்டு தரமும் கால் ஊன்றியவன் நான்.
முதல் தரத்திலேயே பாஸான அவளுடைய ஸ்கூட்டியில்
பின்னால் தடியைப் பிடித்துக்கொண்டு போகிறவன்.

"வளைவில்தான் பயப்படுகிறாய்.
குறுக்கினால் விழுவாய்.
அகலமாய் எடு."
லைசன்ஸைச் சொன்னாளா மீனைச் சொன்னாளா,
கேட்கவில்லை.

நாலாயிரத்து நூற்றிப் பதினேழாவது எறிதல்.
அவள் பாலச் சுவரில் பணிஸ் தின்றுகொண்டிருந்தாள்.
தகட்டுக்குப் பின்னால் முதலில் இருட்டு,
பிறகு இருட்டுக்கு ஒரு தாடை.
நுனியை இறக்கினேன்.
இடப்பக்கம் அகலமாய். கொடுவா திரும்பியது.
குறுக்கே வந்தேன், அதுவும் குறுக்கே.
வலப்பக்கம் இன்னும் அகலமாய்,
முழங்கால்வரை நனைந்து,
அந்தச் சிவந்த கண் தகட்டைவிட்டு அசையாமல்,
வால் ஒரு தரம்கூட அவசரப்படாமல்,
முழு எட்டையும் என்னோடு போட்டது.
மூக்கால் வேப்பிலையைத் தொட்டது.
பிறகு, வேறு வேலை இருந்தது போல,
வேர்களுக்குள் போனது.

நான் மூச்சுவிடவில்லை.
பாலச் சுவரிலிருந்து பணிஸ் காகிதம் கசங்கும் சத்தம்.

கலண்டரில் அன்றைய கட்டத்தில்
எண்ணுக்குப் பக்கத்தில் அவள் எழுதியிருந்தாள்:
கொடுவா பாஸ். கால் ஊன்றவில்லை.

எனக்கு அடுத்த செவ்வாய்.