கோடிட்ட இடத்தை நிரப்புக

இரயுமன்துறையில் எனக்கு விடிகாலை நாலரை.
லிமாவில் உர்சுலாவுக்கு நேற்றைய மாலை ஆறு.
கடல் இரைச்சல் மைக்கில் ஏறிவிடும் என்று
அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு
கிரைண்டர் மேல் போனைச் சாய்த்து வைத்திருக்கிறேன்.
மார்ச்சில் பரீட்சை. பாஸானால் பில்பாவோவில்
முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

இன்றைக்கு ஜோடி இணைப்புச் சொற்கள்.
ஒன்று வந்தால் இன்னொன்று வந்தே தீரும்.
நி… நி…
ஓ… ஓ…
தாந்தோ… கோமோ…

'நி கார்னே நி பெஸ்காதோ' என்கிறாள்.
இறைச்சியும் இல்லை, மீனும் இல்லை.
இரண்டுங்கெட்டான் என்று பொருளாம்.
இறைச்சி இல்லையென்றால் தவக்காலம்,
மீனும் இல்லையென்றால் தடைக்காலம் என்றேன்,
தெரிந்த ஸ்பானிஷில்.
சிரித்தாள். புரிந்திருக்காது.

'ஓ'வைக் கண்டதும்
மார்த்தாண்டம் பஸ்ஸில் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி.
அதே ஓ. அதே வேலை.
கப்பையோ சோறோ, கரையோ கடலோ.
நாங்கள் சொல்லின் வாலில் கட்டுகிறோம்,
அவர்கள் தலையில் ஏற்றுகிறார்கள்,
அவ்வளவுதான்.

'நி' அப்படியில்லை.
வாயைத் திறந்த உடனே இல்லை என்றுவிடுகிறது.
யார் இல்லை, எது இல்லை என்பதெல்லாம் பிறகு.

தமிழில் இல்லை கடைசியில்தான் வரும்.
அந்த டிசம்பரில்
தேங்காய்ப்பட்டணம் ஹார்பரிலிருந்து கூப்பிட்டவர்
'படகும்' என்றார்.
இருமினார்.
'கிளீட்டஸும்' என்றார்.
அந்த இரண்டு 'உம்'முக்கும் பின்னால்
என்ன வேண்டுமானாலும் வந்திருக்கலாம்.
கொச்சியில நிக்குது.
லட்சத்தீவுல கரையேறியாச்சு.
அம்மா மீன் கழுவிய கையோடு
எழுந்தே நின்றுவிட்டாள்.

'கெடச்சில்ல' என்றார் அவர்.

ஸ்பானிஷில் சொல்லியிருந்தால்
அம்மா எழுந்திருக்கவே மாட்டாள்.
எது நல்லதென்று எனக்குத் தெரியவில்லை.
ஆனால் அந்த நாலு விநாடியை
நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

பயிற்சி ஏழு.
____ எல் பார்க்கோ ____ எல் மரினேரோ யெகாரா மன்யானா.
படகு, மாலுமி, வந்துசேர்தல், நாளை:
எல்லாம் அவர்களே கொடுத்துவிட்டார்கள்.
விடைத்தாளில் இருப்பது நி, நி.
நான் எழுதியிருந்தது ஓ, ஓ.

உர்சுலா நோட்டைத் திரைக்குக் கிட்டே காட்டச் சொன்னாள்.
சிவப்புப் பேனாவை எடுத்தாள், பிறகு வைத்துவிட்டாள்.
இலக்கணப்படி இதுவும் சரிதான்.
நி போட்டால் இரண்டும் வராது.
ஓ போட்டால் இரண்டில் ஒன்று வரும்.
நீ எதை நினைத்து எழுதினாய், அட்லின்?

கதவுக்கு அந்தப் பக்கம்
ஒரு வள்ளத்தின் இன்ஜின் இரண்டு தடவை இருமி
மூன்றாவதில் பிடித்தது.

இங்கே நெட் சரியில்லை என்று
ஸ்பானிஷில் டைப் செய்து அனுப்பினேன்.
முழு வாக்கியம். ஒரு பிழையும் இல்லை.

நெட் நன்றாகத்தான் இருந்தது.