சுழியத்துக்குக் கீழே

நீடாமங்கலம் தாண்டி வெண்ணாற்றுப் பாலத்தின் மூன்றாவது தூணில்
பொதுப்பணித்துறை எழுதிவைத்த அடிக்கணக்கு
சுழியத்தில் முடிகிறது.
ஒருகாலத்தில் மணல் அங்கேதான் இருந்ததாம்.
இப்போது சுழியத்தைத் தொட
வேம்பரசனுக்கே ஏணி வேண்டும்.

வகுப்புக்குப் போகாத பதினோராம் நாள்.
எல்லோருக்கும் தொண்டை கட்டிப்போயிருந்தது.
"கத்தினது போதும், அளப்போம்" என்றாள் நிலோபர்,
கணிதம் இரண்டாமாண்டு, கூத்தாநல்லூர்.
அத்தாவின் தையல்கடை டேப்
அவள் கழுத்தில் கிடந்தது.

அன்றிரவு கீழ்நோக்கி எழுதினோம்.
மைனஸ் ஒன்று. மைனஸ் இரண்டு.
சைக்கிள் கடை எனாமல், நீலம்.
ஒன்றுக்குப் பக்கத்தில் நாரையின் முழங்கால்,
நான்கில் காற்றை இறைக்கும் அடிபம்பு,
ஆறில் ஒரு லாரி நம்பர்
(யாருடையதென்று ஊருக்கே தெரியும்).
ஒன்பதில் தரை வந்துவிட்டது.
வேம்பரசன் குந்தி உட்கார்ந்து
வார் அறுந்த ஒற்றைச் செருப்பை வரைந்தான்.
சின்னச் செருப்பு.
ஆடிப்பெருக்கன்று அந்தக் குழியில் இறங்கிய பையன்
அவன் தெரு.
அளவு சரியா என்று
தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

ஏணியும் டார்ச்சும் என் பொறுப்பு.

விடிகாலையில் ஜீப் வந்தது.
"கையைக் காட்டு."
நிலோபரின் நகமெல்லாம் நீலம்.
வேம்பரசனுக்கு முழங்கை வரை.
என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"நீ போம்மா" என்றார்கள்.
போனேன்.
திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனதாகப்
பிறகு எல்லோரிடமும் சொன்னேன்.

அழிக்க உத்தரவு வந்தது.
எஸ்டிமேட் போட்டு, கையெழுத்தாகி, சுண்ணாம்பு வருவதற்குள்
ஆனி பிறந்து தண்ணீர் வந்துவிட்டது,
நுரையும் வைக்கோலும் பாலித்தீன் பையுமாக.
முதலில் செருப்பை நனைத்தது.
மன்னார்குடி பஸ் பாலத்தில் நின்றது.
கண்டக்டர் படியில் தொங்கியபடி
எட்டு, ஏழு என்று வாசித்தார்.
லாரி முழுகியபோது யாரோ விசிலடித்தார்கள்.
மைனஸ் இரண்டில் ஆறு நின்றுவிட்டது.
மூன்று நாள்.

அளவு குறிக்க வந்தவர்
நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு
வெகுநேரம் தூணையே பார்த்தார்.
மைனஸுக்கு அதில் கட்டம் இல்லை.
நீர்மட்டம்: சுழியம் என்று எழுதினார்.
எழுதிவிட்டு
எங்களைப் பார்க்காமல் சைக்கிளை எடுத்தார்.

சுண்ணாம்பு ஆட்கள்
தண்ணீருக்கு மேலே தெரிந்ததை மட்டும் அடித்தார்கள்:
ஒன்றும் நாரையும்.

இந்தப் பக்கம் வந்தால் பாருங்கள்,
மைனஸ் ஒன்று மட்டும் பச்சையில் இருக்கும்.
அடுத்த கோடையில் நான் எழுதியது.
ஏணியைப் பிடிக்க ஆளில்லை,
அதனால் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.
நாரை வரைய எனக்கு வராது.
ஒரு கோடு இழுத்து
நடுவில் மடக்கியிருக்கிறேன்.