நூறு அடி

ஸ்ரான்லி வீதிக் கடையில் கேட்டேன்:
"தூர நிண்டு அமத்தினா வேலை செய்யிற
றிமோட் ஒண்டு வேணும். நூறு அடி எண்டாலும் காணும்."

கடைக்காரர் நிமிர்ந்தார்.
அவருக்கும் என் வயதுதான் இருக்கும், ஐம்பத்திரண்டு, மூன்று.
ஒரு நொடி
எங்கள் இருவருக்கும் நடுவில்
ஒரு வீதி, ஒரு மதகு, ஒரு ட்றக் வண்டி
வந்து நின்று போயிற்று.
"தண்ணி மோட்டருக்கோ?"
"தூசி உறிஞ்சிக்கு."
விலையைச் சொன்னார்.
பற்றறியும் உள்ளே இருக்குதாம், இலவசமாம்.
பற்றறி இலவசம்.
இன்னொருக்கால் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

கொண்டாவிலில், வீட்டுக்குப் பின்னால்,
கார் ஒருநாளும் வராத கார்க் கொட்டகைதான் என் பட்டறை.
வட்ட வாள் வடக்கு மூலையில்,
உறிஞ்சி தெற்குச் சுவரோடு.
நடுவில் பலகை அடுக்கு, சீவுமெஷின், யதுசாவின் காற்றுப்போன சைக்கிள்.
ஒரு வெட்டுக்கு இரண்டு தரம் இதெல்லாம் தாண்டிப் போக வேண்டும்,
போட ஒன்று, நிற்பாட்ட ஒன்று.
போடாமலே அறுப்பேன்.
வேப்பந்தூள் தொண்டையில் கசந்து இறங்கும்.
இரவு இருமினால்
மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொல்வாள்,
"இண்டைக்கும் போடேல்லை."
நெஞ்சுநோய் வார்ட்டில் தாதி அவள்.
கேள்வியாக ஒன்றும் கேட்பதில்லை,
அறிக்கையாகத்தான் வாசிப்பாள்.

தீப்பெட்டி அளவில் வாங்கி, அதற்கு ஒரு வால்கம்பி.
சாவிக்கொத்தில் மாட்டுகிற நான்கு பொத்தான்:
ஏ விளக்கு. பீ உறிஞ்சி. சீ விசிறி.
மோட்டர் எழும்பும்போது இழுக்கிற இழுப்பை
அந்தச் சின்ன றிலே தாங்காது என்று
நடுவில் ஒரு கொன்ராக்ரர் வைத்தேன்.
டீயை வாளுக்குக் கொடுப்பம் என்று
வயரின் தோலையும் சீவிவிட்டேன்.

பீயை அழுத்தினேன். தெற்குச் சுவர் உறுமியது.
தரையில் கிடந்த சுருள்கள் எல்லாம்
பந்திக்குக் கூப்பிட்டது போல எழும்பி ஓடின.

மூன்றாம் நாள் ரொறன்ரோவிலிருந்து கோல்,
பக்கத்து வீட்டுப் பேரின்பநாதன்.
இங்கே பதினொரு மணி வெயில்,
அங்கே நடுச்சாமம் தாண்டி.
"அண்ணை, கமராவில பாக்கிறன்,
என்ரை கேற் நாளுக்கு ஏழெட்டுத் தரம் திறக்குது.
ஆர் வாறது?"
போய்ப் பார்த்தேன்.
பூட்டிய வீடு, விறாந்தையில் வாடிய செவ்வரத்தைப் பூக்கள்,
முற்றத்தில் யாரோ ஒருவரின் ஆடு.
கையில் இருந்ததை யோசனையோடு அழுத்தினேன்.
என் பட்டறை உறுமியது.
அவர் கேற் மரியாதையாக விலகி வழிவிட்டது,
ஆட்டுக்கு.

ஒரே கடை, ஒரே பெட்டி, ஒரே இரகசிய எண்.
இரண்டையும் கழற்றி, என் சில்லின் எட்டுக் கால்களில்
மூன்றாவதை ஈயம் வைத்து நிலத்தோடு ஒட்டினேன்.
ஒரு கிழமை கழித்து மறுபடி கோல்.
"இப்ப திறக்கிறதே இல்லை அண்ணை."
அவர் நன்றி சொன்னாரா
முறையிட்டாரா என்று தெரியவில்லை.
"ஓம்" என்றேன், இரண்டுக்கும் பொருந்தட்டும் என்று.

பிறகு அந்தச் சனிக்கிழமை.
வாளின் அலகு மாற்றக் குனிந்தேன்.
றிமோட் சாரத்து மடிக்குள் செருகியிருந்தது.
என் வயிறு, என்னைக் கேளாமல்,
பீயை அழுத்தியது.
தெற்குச் சுவர் உறுமியபோது
வடக்கு மூலையில்
என் விரல்கள் நான்கும் பற்களுக்கு நடுவில்.

அது டீயாக இருந்திருந்தால் என்று தொடங்கிய வசனத்தை
மனைவியிடம் நான் முடிக்கவில்லை.
அவள் என் கையை எடுத்து
ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தாள்,
ஏதோ எண்ணிக்கை சரிபார்ப்பது போல.

தோல் சீவிய வயரை மறுபடி ரேப் சுற்றினேன்.
வாளுக்குச் சுவரில் ஒரு சிவப்புக் குமிழ் மட்டும்.
கிட்ட வந்து, நின்று,
என்ன கிடக்கிறது, யார் நிற்கிறார்கள் என்று பார்த்து,
கையால் போட வேண்டும்.

டீ இன்னமும் இருக்கிறது.
வேலை முடிந்து விளக்கை அணைக்கும் முன்
சிலவேளை அதை அழுத்துவேன்.
டிக் என்று ஒரு சத்தம்.
நூறு அடி சுற்றளவில்
ஒன்றும் நடக்காது.