பின்சக்கரத்தில் சூடு

மூன்றாவது முறையாக வந்து நிற்கிறார் ஹில்மர்,
தபால் வண்டியோடு.
‘பார்க்கிங் பிரேக் அதிகச் சூடு. பொறுக்கவும்’
என்கிறது வண்டி, மஞ்சள் எழுத்தில்.
எவ்வளவு நேரம் என்று மட்டும் சொல்வதில்லை.

முதல் தடவை உப்பைச் சந்தேகித்தேன்.
ஃபாரோ தீவுகளில் உப்பைச் சந்தேகித்தால்
பத்துக்கு எட்டு தப்பாது.
இங்கே கடல் பக்கவாட்டில் பெய்யும்.
காலிப்பரைக் கழற்றினால்
ஊசிகள் இரண்டும் விலாங்குபோல் நழுவின.
துருவுக்கு வேலையில்லை.

அடுத்த தடவை மோட்டார்.
கம்பியில் மீட்டரைக் கவ்வவிட்டேன்:
ஓடும்போது நான்கு ஆம்பியர்,
இறுகும்போது பதினாறு,
பிறகு சட்டெனப் பூஜ்யம்.
நோயில்லாதவன் நாடி.
ஆனால் டிஸ்க் சில்லிட்டுக் கிடக்க
மோட்டாரின் கூடு மட்டும்
தொட்ட விரலை விரட்டியது.
யாரோ அதை ஓயாமல் வேலை வாங்குகிறார்கள்.

இன்று சாவியை வாங்கவில்லை.
முன்சீட்டிலிருந்த மின்கட்டணக் கடிதங்களை
மடியில் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

வெஸ்ட்மன்னாவின் மேல்தெரு.
முதல் வீடு. நிறுத்தினார். பொத்தானை இழுத்தார்.
பின்னால் க்ர்ர்ர்.
விளக்கு சிவந்தது.
விடுவித்தார். மறுபடி இழுத்தார்.
இறங்கி இரண்டடி நடந்தவர்
திரும்பி வந்து கதவுக்குள் கை நீட்டி
இன்னொன்று.

ஏழு வீட்டுக்குள் இருபத்திரண்டு.

‘ஒருமுறை போதும், ஹில்மர்.’
‘தெரியும் ரன்வா.’
அடுத்த கடிதத்தின் முகவரியை
தேவைக்கு மேல் நேரமெடுத்துப் படித்தார்.
‘பழையதில் ஐந்து பல் ஏறும்.
உள்ளங்கை எண்ணிக்கொள்ளும்.
இது வெறும் விளக்கு.
விளக்குக்கென்ன, எரியும்.’
பிறகு மோவாயால் கீழே காட்டினார்.
தெரு எங்கும் வளையாமல் இறங்கி
பாலர் பள்ளியின் வேலியில் முடிகிறது.
வேலிக்குள், மழைச்சட்டை போட்ட
பத்துப் பன்னிரண்டு சிவப்புப் புள்ளிகள்
சேற்றைத் தோண்டிக்கொண்டிருந்தன.

எனக்குப் பேச்சு வரவில்லை.
அவரை இறக்கி,
பின்சக்கரத்துக்குக் காது கொடுக்கச் சொன்னேன்.
உள்ளிருந்து நான் இழுத்தேன்.
‘குரல் தடித்து, முக்கி, நின்றது கேட்டதா?
நின்ற இடம்தான் கடித்த இடம்.’

மழையில் குந்தியபடி யோசித்தார்.
‘இன்னொருமுறை.’
இழுத்தேன்.
ஓர் ஆடு வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.
‘இன்னொருமுறை.’
அதற்குமேல் எத்தனை என்று நானும் எண்ணவில்லை.
மஞ்சள் எழுத்து வந்தது.
பொறுத்தோம்.

சாயங்காலம் உத்தரவாதப் படிவம்.
‘கோளாறுள்ள பாகம்’ என்ற கட்டத்தைக்
காலியாக விட்டால் கணினி ஏற்காது.
‘சரிவு’ என்று அடித்து அனுப்பினேன்.

காலையில் தலைநகர் அலுவலகத்திலிருந்து போன்.
சின்னப் பையன் குரல், மிகவும் மரியாதையாக:
‘சரிவு... பட்டியலில் தேடிவிட்டேன்.
அதன் பாக எண் கிடைக்குமா?’