ஊசி சாயும் இடம்

என் தபால் படகில்
திசைகாட்டி பொய் சொல்லும் இடம் ஒன்று உண்டு.
கலங்கரை விளக்கம் முதுகுக்குப் பின்னால் மறைந்து
கால் மணி நேரம் கழித்து வரும்.
பால்டிக் அங்கே
ஈயம் பூசிய பாத்திரத்தின் உட்புறம் போல இருக்கும்.

கீழே, பத்து ஆள் ஆழத்தில்,
வடகரையிலிருந்து எங்கள் தீவுக்கு வரும் ஒற்றை வடம்
சேற்றில் படுத்திருக்கிறது, மணிக்கட்டுத் தடிமனில்.
போகும் வழி செம்பு.
திரும்பும் வழி கடல்.

மின்சாரம் ஓடும்போது வடம்
தன்னைச் சுற்றி வளையம் வளையமாக
எதையோ உடுத்திக்கொள்கிறது.
தண்ணீரைத் துளைத்து, ஹெர்ரிங் கூட்டத்தைத் துளைத்து,
படகின் அடிப்பலகையைத் துளைத்து
வளையத்தின் மேல்விளிம்பு
என் ஊசியின் தோளைப் பிடித்து
மேற்கே திருப்புகிறது.

முதல் வருடம் புது திசைகாட்டி வாங்கினேன்.
காசுதான் போனது.
பிறகு நோட்டுப் போட்டேன்:

ஞாயிறு பத்து மணி, ஆறு பாகை. கோயிலில் ஹீட்டர்.
வெள்ளி இரவு, ஒன்பது. எல்லார் வீட்டிலும் சானா.
விடிகாலை நாலரை, இரண்டு. அல்கோத் ரொட்டி அடுப்பைப் போட்டுவிட்டான்.
(ஓர் அடுப்புக்கு ஊசி அசையாது, எனக்கும் தெரியும்.
ஆனாலும் எழுதினேன்.)
ஜனவரி, பனி, மாலை ஆறு: பதினொன்று.
தீவு மொத்தமும் உருளைக்கிழங்கு வேகவைக்கிறது.

யார் வீட்டுக் கதவையும் தட்டாமல்
யார் வீட்டில் உலை கொதிக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.
பொய்யை வைத்தே வழியும் பிடித்தேன்:
ஊசி சாய்ந்தால், கரைக்கு இன்னும் நாற்பது நிமிடம்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
பனி கொட்டியதில் படகின் மூக்கே தெரியவில்லை.
இரண்டு மூட்டைக் கடிதம்,
சிக்னேவின் இன்சுலின்,
யாருடையதோ ஒரு சைக்கிள் சக்கரம்.
காத்திருந்தேன் ஊசி சாயட்டும் என்று.
சாயவில்லை.
வடக்கையே பார்த்துக்கொண்டு நின்றது,
முதன்முறையாக உண்மை பேசி.

அடிவயிறு கலங்கியது எனக்கு.
எந்தக் கப்பலின் நங்கூரமோ
கீழே செம்பை அறுத்துவிட்டிருக்கிறது.
ரேடியோ சொல்வதற்கு முன்பே
எழுநூறு பேர் இருட்டில் இருப்பது
எனக்கும் இந்த ஊசிக்கும் மட்டும் தெரியும்.

பதினாறு நாள்.
பழுதுபார்க்கும் கப்பல் கிளம்பிய மறுநாள்
அதே இடத்தில் இன்ஜினைத் தணித்தேன்.
ஊசி நடுங்கியது. நகர்ந்தது.
ஒன்பது. பதினொன்று.
பதின்மூன்று!
இருக்கிற விளக்கு, இஸ்திரிப்பெட்டி, அடுப்பு,
எல்லாவற்றையும் போட்டுவிட்டார்கள் பாவிகள்.

நோட்டை எடுத்தேன், எழுதவில்லை.
சுக்கானைத் திருத்தவும் இல்லை.
கொஞ்ச தூரம்
அது காட்டிய பக்கமே போனேன்.